மினாரா, ஏவுகணையா?

நம் அடையாளத்துக்கே ஆபத்து என்றால், அதை நாட்டின் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்ப்பதில் என்ன தவறு சார்?
*– வாசகர், கும்பகோணம்*

எவ்வளவு பெரிய ஆபத்து என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டாமா? மசூதிகளில் மினார் கட்டத் தடை கேட்டு 2009-ல் சுவிட்சர்லாந்தில் வாக்கெடுப்பு நடந்தது. 57 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு. தடை அரசியல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. அன்றைக்கு நாடு முழுக்க இருந்த மினார்கள் நான்கே நான்கு!

பிரசாரச் சுவரொட்டியில் சுவிஸ் கொடி மேல் கறுப்பு மினார்கள், ஏவுகணை மாதிரியே நின்றன. பக்கத்தில் முகம் மூடிய பெண். தொழுகைக் கட்டடத்தை ஆயுதமாக வரைந்துவிட்டால், பக்கத்து வீட்டுக்காரரை எதிரியாக்க எத்தனை நாளாகும்? நிராகரியுங்கள் என்று அரசும் நாடாளுமன்றமும் கேட்டுக்கொண்டும் மக்கள் கேட்கவில்லை. ஏற்கெனவே இருந்த நான்கையும் அந்தத் தடை தொடவில்லை. ஐந்தாவதைத்தான் பாதுகாப்பின் பெயரால் தடுத்தார்கள். கொடுமை!