கேட்ச் இல்லாத கணவர்

புக்கிட் பாத்தோக்கில் ஒரு வீவக வீட்டில் குடியிருந்துகொண்டு ஜாவாஸ்கிரிப்ட் எழுதிப் பிழைக்கிறவன் நான். பிராமிஸ்களைக் கவனிக்க அலுவலகத்தில் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் கொடுத்தவற்றுக்கு வசவு கிடைக்கிறது.

2015-இல் ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையில் சேர்ந்த பிராமிஸுக்கு மூன்றே நிலை: காத்திருக்கும், நிறைவேறும், நிராகரிக்கப்படும். எங்கள் சமையலறைக் குழாய் காத்திருக்கும் நிலையிலேயே சொட்டிக்கொண்டிருக்கிறது. காத்திருப்பதைப் பற்றி எந்த பிரவுசரும் முணுமுணுக்காது. என் மனைவி பிரவுசர் அல்ல.

நிராகரிப்பைப் பிடிக்க 'கேட்ச்' இல்லாவிட்டால், விண்டோவில் 'அன்ஹேண்டில்டு ரிஜெக்‌ஷன்' என்ற நிகழ்வு கிளம்பும். எந்த பிராமிஸ், என்ன காரணம் என்று இரண்டையும் அது சொல்லும். காரணத்தை வெறும் சொல்லாகத் தராமல் எர்ரர் ஆப்ஜெக்ட்டாகத் தந்தால்தான் எந்த வரியில் சறுக்கியது என்ற தடம் கிடைக்கும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் நான் தரும் காரணம்: "மறந்துட்டேன்."

"ட்ரை-கேட்ச் போட்டேனே!" என்பார்கள் பிள்ளைகள். உள்ளே 'அவெய்ட்' போடாவிட்டால் அது அலங்காரம்தான். தோல்வி வந்து சேர்வதற்குள் நிரல் ட்ரையைத் தாண்டிப் போயிருக்கும். "தேக்காவுல முருங்கைக்காய் வாங்கிட்டு வாங்க" என்றால் நானும் அப்படித்தான், "ஆகட்டும்" என்றபடியே வாசலைத் தாண்டிவிடுவேன். நியூட்டனில் ரயில் மாறும்போது பை மட்டும் நினைவிருக்கும்.

'ஃபெட்ச்' இன்னும் சாமர்த்தியம். சர்வர் 404 என்று கைவிரித்தாலும் நிராகரிக்காது. பதில் வந்ததல்லவா, நிறைவேறியதாகவே கணக்கு. 'ஓகே'வா என்று நாம்தான் பார்க்கவேண்டும். வெறும் பையோடு திரும்பி, "கடைக்குப் போயிட்டுத்தானே வந்தேன்!" என்று நான் வாதாடுவது அந்த வகை.

நிகழ்வில் 'ப்ரிவென்ட் டிஃபால்ட்' போட்டால் கன்சோலில் சிவப்பு எழுத்து வராது. கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். நான் முருங்கைக்காய்க்குப் பதில் மல்லிகைப்பூ வாங்கி வருவதும் இதற்காகத்தான்.

பிரவுசர் பொறுமைசாலி, பிடிபடாத நிராகரிப்பு வந்தாலும் பக்கத்தை ஓடவிடும். சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் அப்படியல்ல. 2020 அக்டோபரில் வந்த 15-ஆம் பதிப்பு முதல், வேறுவிதமாகச் சொல்லிவைக்காவிட்டால் நிரலையே நிறுத்திவிடும். "அதுதான் முறை! தோல்வியை மூடிமறைத்து ஓட்டக்கூடாது!" என்று வீடியோ கூட்டத்தில் முழங்கினேன். வீட்டிலிருந்து முழங்கியதுதான் வினை. சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டாள்.