சமதளவாசிகளும் அருவிப் படங்களும்: லேக் மார்க்கெட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

அருவியைக் கண்டதும் ஒருவர் சட்டையைக் கழற்றுகிறாரா, செல்போனை எடுக்கிறாரா என்பது அவரவர் குணத்தைப் பொறுத்தது என்றே இதுகாறும் நம்பி வந்திருக்கிறோம். அது பிழை. அவர் குடியிருக்கும் ஊரின் சரிவுதான் அதைத் தீர்மானிக்கிறது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம் கொல்கத்தாவில், ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டித் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட். கடல்மட்டத்திலிருந்து நகரத்தின் உயரம் சுமார் 9 மீட்டர். பக்கத்திலிருக்கும் ரவீந்திர சரோவர் 1920-களில் ஆள்வைத்து வெட்டிய ஏரி. அதன் நீருக்கு விழ இடமில்லாததால் படுத்தே கிடக்கிறது. வாழையிலைக் கட்டுக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் பூக்காரர் வாளிக்குள் கைவிட்டு மல்லிகைச் சரத்தின்மேல் உதறுகிறாரே, அந்த ஒரு முழத் தண்ணீர்தான் வட்டாரத்தின் ஆக உயரமான நீர்வீழ்ச்சி. மழைக்காலத்துத் தெருவெள்ளத்தைக் கணக்கில் சேர்ப்பதற்கில்லை. அது விழுவதில்லை, ஏறுகிறது.

ஒப்பீட்டுக்குக் குற்றாலத்தை எடுத்துக்கொள்வோம். பேரருவி சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து நேராகத் தலையில் விழுந்தால் குளிப்பவர் கதி என்னாகும்? நடுவே பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து இறங்குவதால்தான் தலைகள் பிழைக்கின்றன. தென்காசிக்காரர் அங்கே துண்டோடு போகிறார். நனைந்த விரலுக்குத் தொடுதிரை சரியாகக் கட்டுப்படாது என்பதை எவரும் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். லேக் மார்க்கெட் குடும்பமோ துர்கா பூஜை விடுமுறையில் சிக்கிம் போகிறது. பெல்லிங் அருகே, 8,586 மீட்டர் சிகரத்தின் பெயரைத் தாங்கிய காஞ்சன்ஜங்கா அருவியின்முன் வண்டி நிற்கிறது. பாட்டி நடுவில், குழந்தைகள் முன்வரிசையில், எல்லோரும் ஸ்வெட்டருடன், வண்டியோட்டியே புகைப்படக்காரர். துண்டு பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை.

இங்கே இரு மறுப்புகள் எழலாம். சென்னையும் சமதளம்தானே, சென்னைக்காரர் குற்றாலத்தில் குளிக்கவில்லையா என்பது முதலாவது. அவர் மாலையில் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் தென்காசி. இந்த ஆய்வில் ஓரிரவு ரயில் தூரத்துக்குள் இருக்கும் சரிவை உள்ளூர்ச் சரிவாகவே கொள்ள வேண்டும். சிக்கிம் நீர் ஐஸாக இருப்பதால்தான் குளிப்பதில்லை என்பது இரண்டாவது. இது நியாயம், ஆகவே நமது விதியில் குளிர்ச்சித் திருத்தம் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் ராஞ்சிக்கு அருகே சுவர்ணரேகா ஆறு 98 மீட்டர் விழும் ஹுண்ட்ரு அருவிக்கு இத்திருத்தம் பொருந்தாது. அங்கே நூற்றுக்கணக்கான படிகள் இறங்க வேண்டும். கீழே போய்ச் சேர்ந்த முழங்கால் குளியலைப் பற்றி யோசிப்பதில்லை, திரும்ப ஏறுவதைப் பற்றித்தான் யோசிக்கிறது. எனவே படித் திருத்தமும் தேவையாகிறது.

இதெல்லாம் செல்போன் வந்தபின் பிடித்த பைத்தியம் என்பாருக்கு வரலாறு பதில் சொல்லும். நாட்டிங்ஹாமில் வங்கி குமாஸ்தாவாக இருந்த சாமுவேல் போர்ன் 1863-இல் இந்தியா வந்து, கண்ணாடித் தகடுகளையும் ரசாயனங்களையும் கூலியாட்களைச் சுமக்கவைத்து இமயமலையில் படமெடுத்தார். அவர் பெயர் தாங்கிய போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டுடியோ கொல்கத்தாவில் 2016 வரை இருந்தது. அன்றைய ஈரத்தகட்டு முறையில் ஒளி பதியப் பல வினாடிகள் பிடித்ததால், ஓடும் நீரெல்லாம் பால்போல வெளுத்துவிடும். அன்று தவிர்க்க முடியாதிருந்த அந்தக் குறையை இன்று காசு கொடுத்துக் கறுப்பு ஃபில்டர் வாங்கி வரவழைக்கிறார்கள். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் அதே நீர் கண்ணாடிச் சில்லுகளாக உறைகிறது. ஆக, படத்துக்குள் அகப்படுவது ஒன்று பால், இல்லையேல் கண்ணாடி. குளிக்கிறவருக்கு மட்டுமே தண்ணீர். குமாஸ்தா வேலைக்கும் அருவிப் படத்துக்கும் உள்ள உறவு, லேக் மார்க்கெட்டின் குமாஸ்தாக்கள் நிறைந்த பழைய தலைமுறையை முன்னிட்டுத் தனியே ஆராயத்தக்கது.

குற்றாலத்திலும் இப்போது செல்ஃபி எடுக்கிறார்களே என்பது எஞ்சியிருக்கும் வலுவான மறுப்பு. எப்போது எடுக்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். வெள்ளம் பெருகிப் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டும், போலீஸார் விசிலடித்துக் குளிக்கத் தடை விதிப்பார்கள். அந்த நொடியில்தான் செல்போன்கள் வெளியே வருகின்றன. சரிவு, குளிர், படிக்கட்டு, போலீஸ் ஆகிய நான்கையும் தொகுத்தால் விதி எளிதாகிவிடுகிறது: நடக்காமல் போன குளியலே அருவிப் படம். ஆகவே சிக்கிம் போய்வந்த குடும்பம் படங்களைக் காட்டும்போது “பிரமாதமாக வந்திருக்கிறதே” என்பது பண்பாகாது. ஆழ்ந்த அனுதாபம் தெரிவிப்பதே முறை.