கண்ணை மூடிய பாவம்

முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும் என்று நம் பக்கம் ஒரு பழமொழி உண்டு. வேதாகமத்திலும் நீதிமொழிகள் 13ஆம் அதிகாரத்தில் பிரம்புக்கு ஒரு சிபாரிசு இருக்கிறது. பழமொழியும் நீதிமொழியும் கூட்டணி வைத்துக்கொண்டால் நடுவில் மாட்டிய பிள்ளை எங்கே போவான்? அதுவும் பெரியகுளத்தில், ஜெபமும் பிரம்பும் தவறாத ஒரு வாத்தியாருக்கு மகனாக, கொல்லையில் முருங்கை நிற்கும் வீட்டில் பிறந்தவன்?

எங்கள் ஊர் மாம்பழத்துக்குப் பேர்போனது என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் உலகத்துக்கு நாங்கள் கொடுத்தது முருங்கை. இங்குள்ள தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989இல் வெளிவந்த செடிமுருங்கைக்கு பி.கே.எம். 1 என்று பெயர், பி.கே.எம். என்றால் பெரியகுளம். தூத்துக்குடிப் பக்கம் எப்போதும்வென்றான் என்ற ஊரின் நாட்டு ரகத்திலிருந்து பொறுக்கி எடுத்தது. இன்றைக்கு ஆப்பிரிக்காவில்கூடக் காய்க்கிறது. கல்லூரியில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு மாமா எங்களுக்கு நாலு விதை கொடுத்தார். கூடவே ஒரு யோசனையும் கொடுத்தார்: "செடி 75 சென்டிமீட்டர் வந்ததும் நுனிக் கொழுந்தைக் கிள்ளி விட்ருங்க சார். அப்பத்தான் பக்கக் கிளை வெடிக்கும்."

அடிக்க வேண்டாம், ஒடிக்கவும் வேண்டாம், கிள்ளினால் போதும். விஞ்ஞானமே சொல்லிவிட்டது. அப்பா இதை முருங்கை அளவில் மட்டும் ஏற்றுக்கொண்டார். எனக்குப் பழைய முறைதான். ஒருநாள் ஆத்திரத்தில் அந்த முருங்கையிலேயே ஒரு கிளையை ஒடித்து வந்து ஓங்கினார். முருங்கைக் கிளையால் பிள்ளையை அடிக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. முதல் அடியில் மூன்று துண்டு. இலையெல்லாம் என் தலையில் உதிர்ந்தது. அடுப்படியிலிருந்து அம்மா, "கீரையை வீணாக்காதீக" என்றாள். அப்பா அதன்பிறகு புளியம் விளாறுக்கு மாறிவிட்டார்.

அம்மாதான் கல்லூரி சொன்ன வழியில் நடந்தவள். எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சின்னப் பையன்கள் அம்மாவோடு. (சர்ச்சை நாங்கள் கோயில் என்போம், போதகரை ஐயர் என்போம். கிரகப்பிரவேசத்துக்கு ஐயர் தேடி வந்தவர்களை யாரோ எங்கள் ஐயர் வீட்டுக்கு அனுப்பிவிட்ட கதையும் உண்டு.) பிரசங்கத்தின்போது நான் நெளிந்தால் அம்மாவின் முகம் பீடத்தைப் பார்த்தபடியே இருக்கும். பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் கை மட்டும் வந்து என் தொடையில் நகத்தளவு இடத்தைப் பிடித்துத் திருகும். சத்தம் வராது, தடமும் தெரியாது. என் உயரமும் அப்போது 75 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது.

ஞாயிறு பள்ளியின் பூர்வீகமும் கிட்டத்தட்ட இதுதான். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர், ஆறு நாளும் குண்டூசிப் பட்டறைகளில் வேலை செய்துவிட்டு ஏழாம் நாள் தெருவில் ரகளை பண்ணிய பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அது உலகமெல்லாம் சுற்றி எங்கள் ஊர் வேப்பமரத்தடிக்கும் வந்து சேர்ந்தது. வாரம் ஒரு மனப்பாட வசனம் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் யோவான் 11:35ஐத்தான் சொல்வோம். லாசருவின் கல்லறைக்குப் போய்ச் சேருமுன் இயேசு அழுததைச் சொல்லும் அந்த வசனத்தில் மொத்தமே மூன்று சொல். வரிசையாகப் பதினான்கு பிள்ளைகள் அதையே சொல்லக் கேட்டால் டீச்சருக்கும் அழுகை வரும்.

ஆனால் அங்கே முதல் பாடம் வசனமில்லை, கண்ணை மூடுவது. "ஜெபம் பண்ணுவோம்" என்றதும் கை கூப்பி, தலை குனிந்து, கண்ணை இறுக்கி மூட வேண்டும். மூடாதவர்களைக் கண்டுபிடிக்க ஒரு டீக்கனார் இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, கையில் ஸ்கேல். ஜெபத்தின்போது எங்கள் நடுவே நடப்பார். அவர் கண் மட்டும் எப்படித் திறந்திருக்கலாம் என்று ஒரு நாள் கேட்டேன். அந்தக் கேள்விக்கு இரண்டு அடி.

எனக்குக் கண் மூடாது. மூடினால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. திறந்தால்தான் சுவாரசியம்: ஐயர் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்ப்பது, பாட்டுக்காரர் உறங்கி விழுவது, ஜன்னலுக்கு வெளியே கொடைக்கானல் மலையில் மேகம் இறங்குவது. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி 1845இல் அந்த மலையில் வீடு கட்டினார்கள். அப்போது ரோடு ஏது? எங்கள் ஊர்ப் பக்கத்து அடிவாரத்திலிருந்துதான் குதிரையிலும் டோலியிலும் ஏறிப் போனார்கள். அவர்களாவது மேலே போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன இரண்டு மணி நேர ஆராதனையில் நான் கீழே உட்கார்ந்து புழுங்கிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் குடும்ப ஜெபம். நடத்துவது அப்பத்தா. அப்பத்தா யாரையும் நேரே திட்டமாட்டாள். எல்லாவற்றையும் ஜெபத்துக்குச் சேர்த்து வைத்திருப்பாள்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளை இன்று சாயங்காலம் அடுத்தவன் தோப்பில் கல்லெறிந்து இரண்டு மாங்காய் விழவைத்ததை நீர் அறிவீர். கல் ஓட்டின்மேல் விழுந்ததையும் நீர் அறிவீர். ஓட்டின் விலையையும் நீர் அறிவீர்."

ஆண்டவருக்குத் தெரியுமோ என்னவோ, அப்பாவுக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரியும். நடுவில் மறுத்துப் பேச முடியாது. ஜெபத்தில் குறுக்கே பேசுவது தனிக் குற்றம். கடைசியில் என்மேல் வாசிக்கப்பட்ட குற்றப்பத்திரிகைக்கு நானே "ஆமென்" போட வேண்டும். ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம்.

அதற்குப்பிறகு பெயர்ப் பட்டியல் வரும். பால்காரர், அவருடைய சினைமாடு, எதிர்வீட்டு ராவுத்தர் அம்மாவின் கண் ஆபரேஷன், வராக நதியில் தண்ணீர், கடைசியில் டீக்கனாரின் மூட்டுவலி. இது எனக்குப் புரியவே இல்லை. டீக்கனாருக்கும் அப்பத்தாவுக்கும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. போன அறுப்பின் பண்டிகைக்கு அப்பத்தா தன் வெடக்கோழியைக் காணிக்கையாகக் கொடுத்தாள். ஏலத்தில் தானே திருப்பி எடுத்துவிடலாம் என்பது கணக்கு. ஆண்டவருக்குக் காசு, அவளுக்குக் கோழி. டீக்கனார் விடாமல் ஏற்றி, தட்டிக்கொண்டு போய், அன்றைக்கே குழம்பும் வைத்துவிட்டார். அவர் மூட்டுக்குத்தான் இந்த ஜெபம்.

கண்ணைத் திறந்து வைத்திருந்ததால் இன்னொன்றும் எனக்குத் தெரியும். ஆமென் சொல்லி முடித்த பிறகும் அப்பத்தாவின் தாடை அசைந்துகொண்டே இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்பு பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்து நின்று, வெற்றிலையை விட்டுவிட்டதாகச் சாட்சி சொன்னவள் அவள்.

எங்கள் செடிமுருங்கை காய்த்த முதல் வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தது. தூண்களில் வாழைத்தாரும் கரும்பும் கட்டியிருந்தார்கள். பீடத்துக்கு முன்னால் பூசணி, தேங்காய், காலைக் கட்டிப் போட்ட சேவல், பக்கத்து வடுகபட்டிக்காரர் கொண்டுவந்த பூண்டுச் சரம். நான் முருங்கைக்காய்க் கட்டைத் தோளில் சுமந்துபோய் முன்வரிசையில் வைத்தேன். ஒவ்வொரு காயும் இரண்டடிக்கு மேல். மழை பெய்து ஓய்ந்த வாரம் அது. மழைக்குப் பிறகு முருங்கை மரத்தில் என்ன குடிவரும் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். கட்டுக்குள் ஒன்று உட்கார்ந்திருந்தது.

வெளியூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் ஜெபத்தை ஆரம்பித்தார். உலகச் சிருஷ்டியில் தொடங்கினார். நோவா பேழைக்குள் ஏறிய சமயத்தில் நான் ஒரு கண்ணைத் திறந்தேன். முன்னால் முழங்காலில் நின்ற டீக்கனாரின் வெள்ளை ஜிப்பாவில், இடுப்புக்கு மேலே, கறுப்பாக ஒரு விரல் நீளக் கம்பளிப்பூச்சி. ஊர்ந்தது என்று சொல்லக்கூடாது. உடம்பைக் கூட்டி, நீட்டி, கூட்டி, நீட்டி, ஒரு யாத்திரீகனைப் போல மேலே போய்க்கொண்டிருந்தது. ஆபிரகாம் வரும்போது அது முதுகுத்தண்டின் நடுவில். செங்கடல் பிளக்கும்போது தோள்பட்டை.

சொன்னால் நான் கண்ணைத் திறந்திருந்தது வெளியே வந்துவிடும். அதுவும் யாரிடம் சொல்வது? கண்ணைத் திறந்ததற்கு ஸ்கேலால் அடிக்கிற அதே ஆளிடம். ஒரு நிமிஷம் யோசித்தேன். அவர் கொடுத்த இரண்டு அடி ஞாபகம் வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக, யாரும் சொல்லாமல், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அன்றைக்கு என்னைவிடப் பக்தியாக ஜெபித்தவன் அந்தக் கோயிலில் கிடையாது.

பெரியவர் தாவீது ராஜா வரைக்கும் வந்திருப்பார். "ஐயோ!" என்று ஓர் அலறல். டீக்கனார் மூட்டுவலியெல்லாம் மறந்து எழும்பிக் குதித்தார். கழுத்தைத் தேய்த்தார், சுழன்றார், மறுபடியும் குதித்தார். எங்கள் சபை சத்தமில்லாத சபை, கைகூடத் தட்டமாட்டோம். பின்வரிசையில் பண்டிகைக்கு விருந்தாக வந்திருந்த பெந்தெகொஸ்தே சபை அக்கா ஒருவர், கடைசியில் இங்கேயும் அபிஷேகம் இறங்கிவிட்டது என்று நினைத்து இரு கைகளையும் தூக்கி "அல்லேலூயா!" என்றார். சேவல் கட்டை அறுத்துக்கொண்டு பூசணிமேல் ஏறியது.

ஐயர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஐயரம்மா சுண்ணாம்பு என்றார். "தண்ணி படக்கூடாது, வெத்தலை தேய்ச்சா அடங்கும்" என்று யாரோ சொன்னார்கள். "கோயிலுக்குள்ள வெத்தலைக்கு எங்க போறது?" என்று இன்னொருவர். பெண்கள் பக்கத்தில் ஒரு நொடி அமைதி. பிறகு அப்பத்தா எழுந்து, ஐக்கிய சங்கம் மொத்தமும் பார்த்திருக்க, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தாள். நாலு கொழுந்து வெற்றிலை, ஒரு பாக்கு வெட்டி, சுண்ணாம்பு டப்பா. வெற்றிலையைக் கசக்கி டீக்கனாரின் கழுத்தில் பரபரவென்று தேய்த்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை: "அசையாம நில்லும்."

ஏலத்தில் எங்கள் முருங்கைக் கட்டைத் தொட ஆளில்லை. அப்பத்தாவே ஐந்து ரூபாய்க்கு எடுத்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என்னைக் கேட்டாள்: "நீ பாத்தியாடா?"

"பாத்தேன் அப்பத்தா."

"எப்ப?"

"இடுப்புல இருக்கும்போதே."

அம்மா கிள்ளுகிற அதே இடத்தில், அதைவிடப் பலமாக ஒரு கிள்ளு விழுந்தது. "கண்ணைத் தொறந்ததுக்கு இல்ல. பாத்துட்டு மறுபடியும் மூடுன பாரு, அதுக்கு."

அன்று ராத்திரி ஜெபத்தில், "ஆண்டவரே, இவன் கண்டதையும் நீர் அறிவீர், நான் மென்றதையும் நீர் அறிவீர்" என்றாள். இரண்டுக்கும் சேர்த்து ஆமென் சொன்னோம். முருங்கைக்காய்ச் சாம்பார் ஒரு தூக்குவாளி நிறைய டீக்கனார் வீட்டுக்கு என் கையில்தான் போனது.

வளர்ந்த பிறகு வேதத்தைப் புரட்டி, ஜெபிக்கும்போது கண்ணை மூட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினேன். கிடைக்கவில்லை. யோவான் 17இல் இயேசு வானத்தை அண்ணாந்து பார்த்துத்தான் ஜெபிக்கிறார். லூக்கா 18இல் வரும் ஆயக்காரனுக்கு வானத்தைப் பார்க்கத் துணிவில்லை, அவ்வளவுதான்; கண்ணை மூடினான் என்றில்லை. ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கமாட்டீர்களா என்று லூக்கா 14இல் ஒரு கேள்வி வருகிறது. விழுந்ததைப் பார்க்கவே கண் திறந்திருக்க வேண்டுமே! அநியாயத்தைப் பண்ணிவிட்டுக் கையை விரித்து ஜெபிக்க வருகிறவர்களைக் கடவுள் பார்க்க மறுப்பதாக ஏசாயா முதல் அதிகாரம் சொல்கிறது. அப்படியானால் கண்ணை மூடிக்கொள்ளும் உரிமை அவருக்குத்தான்.

இதையே கம்பத்திலிருக்கும் என் அத்தை வேறு விதமாகச் சொன்னார். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் பிறந்தநாளான ஜனவரி 15 அன்று அந்தப் பள்ளத்தாக்கில் அவர் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபமும் வந்துவிட்டது. "மனுஷனுக்குப் பொங்கல் வைக்கலாமா அத்தை? அது ஆராதனை ஆகாதா?" என்று என் மகள் கேட்டாள். ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்குகிறவள்.

அத்தை வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "அந்தத் தொரை கண்ணை மூடி ஜெபம் பண்ணினாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. மேற்கே போய்க்கிட்டிருந்த தண்ணியக் கண்ணைத் தொறந்து பாத்திருக்காரு. 1895லருந்து நாம சோறு திங்கிறோம். நன்றி சொல்லாமத் திங்கிறதுதான் பாவம்."

இப்போது எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நடத்தும் முறை மகளுடையது. போன மாதம் ஒரு சாயங்காலம் சபைப் பொருளாளர் போன் பண்ணினார். வருஷச் சந்தா பாக்கி. நான் கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் ஈஸி சேரில் சாய்ந்தபடி, "மதுரையில இருக்கேன் அண்ணாச்சி, சிக்னல் சரியா இல்ல" என்று வைத்துவிட்டேன். மகள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ராத்திரி எட்டு மணிக்குப் பாய் விரித்து உட்கார்ந்தோம். அப்பத்தாவை அவள் பார்த்ததே இல்லை.

"ஆண்டவரே, மதுரையிலிருந்து பெரியகுளம் எத்தனை கிலோமீட்டர் என்பதை நீர் அறிவீர்" என்று ஆரம்பித்தாள்.

கண்ணைத் திறந்தேன். அவளும் திறந்துதான் வைத்திருந்தாள். குறுக்கே பேச முடியாது. ஜெபம் முடிந்ததும் எல்லோரையும் முந்திக்கொண்டு ஆமென் சொன்னேன்.