28-க்கு ஏற்ற ஹூட்

பழைய லென்ஸ் வாங்க அலைகிற இளைஞர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, "சார், ஒரிஜினல் ஹூட் இருக்கா?" என்பதைத்தான். 1980களில் நாங்கள் கல்யாணங்களுக்குப் படமெடுத்த காலத்தில் அதை யாரும் ஒரு சாமானாகவே மதித்ததில்லை. பர்மா பஜாரில் லென்ஸுக்கு மணிக்கணக்கில் பேரம் நடக்கும். கூடவே வரும், லென்ஸ் முகப்பில் மாட்டுகிற கறுப்பு வளையத்துக்கு யாரும் தனியாக விலை சொன்னதில்லை. கடைக்காரர் ஞாபகமாக எடுத்துக் கொடுத்தால் உண்டு. இன்று அந்த வளையம் தனியாக விற்கிறது. லைக்காவின் பழைய ஹூட்கள் சிலவற்றின் விலையில் வேறு கம்பெனியின் நல்ல 28 மி.மீ. லென்ஸையே வாங்கிவிடலாம்.

விலை ஏறட்டும். ஆனால் அது என்ன வேலைக்காகச் செய்யப்பட்டது என்ற விவரம் அதோடு சேர்ந்து கைமாறி வரவில்லை. எனக்கு அதில்தான் வருத்தம்.

நான் வேலை கற்றது மயிலாப்பூரில் ஒரு ஸ்டூடியோவில். ஸ்டூடியோ அண்ணனிடம் நிக்கான் எஃப்எம்2, அதில் எஃப்3.5 நிக்கார் 28. மணமேடையைச் சுற்றி உறவுக்கூட்டம் நெருக்கும். பின்னால் ஓரடி நகர முடியாது. 50-ஐப் போட்டால் மாப்பிள்ளையின் தோளும் யாரோ ஒருவரின் முதுகும்தான் கிடைக்கும். வைடு போட்டால்தான் பெண், மாப்பிள்ளை, நாத்தனார், தாம்பாளம் எல்லாம் உள்ளே வரும். அந்தச் சமயத்தில்தான் வீடியோ வந்தது. வீடியோக்காரரின் உதவியாள் ஹாலஜன் லைட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நிற்பான். லைட் எங்கள் ஃப்ரேமுக்குள் இருக்காது. ஆனால் அதன் வெளிச்சம் சாய்வாக வந்து லென்ஸின் கண்ணாடியில் விழும். பிரிண்ட் வந்த பிறகு பார்த்தால் பெண்ணின் கூந்தல் சாம்பல் பூத்திருக்கும், கூறைப்புடவையின் அரக்கு வெளுத்திருக்கும். கெட்டிமேளம் கொட்டி முடிந்த பிறகு யாரிடம் போய் மறுபடி தாலி கட்டச் சொல்வது?

அண்ணனுடைய 28-ல் எச்என்-2 ஹூட் எப்போதும் திருகியே இருக்கும். அதை மட்டும் நம்பி அவர் நின்றதில்லை. "தம்பி, கண்ணாடி மேல நிழல் விழுதா பாரு" என்பார். நான் அவருக்குப் பக்கவாட்டில் நின்று லென்ஸின் முகத்தைப் பார்ப்பேன். முன் கண்ணாடியில் ஹாலஜனின் மஞ்சள் பளிச்சென்று தெரியும். கையை விரித்து லைட்டுக்கும் லென்ஸுக்கும் நடுவே மெல்லக் கொண்டுபோனால் கையின் நிழல் ஹூட்டின் விளிம்பில் ஏறி, கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டு, அப்புறம் முழுக்க மூடும். மூடியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு விரல் நீண்டாலும் படத்தில் வந்துவிடும். வைடு லென்ஸுக்கு அதைவிட நல்ல ஹூட்டை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

காரணம் கோணக் கணக்கு. 50 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 46 டிகிரி பார்க்கிறது. 28 சுமார் 75 டிகிரி பார்க்கிறது. அவ்வளவு அகலமாகப் பார்க்கிற லென்ஸுக்கு முன்னால் நீளமான குழாயை வைக்க முடியாது. வைத்தால் மூலைகள் கறுத்துவிடும். ஆகவே அதன் ஹூட் குட்டையாகத்தான் இருக்கும். ஃப்ரேமின் ஓரத்தை ஒட்டி வருகிற வெளிச்சத்தை அதால் தடுக்க முடியாது. தலைக்கு மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வருவதைத் தடுக்கும்.

தடுப்பு அதிகம் தேவைப்படுவதும் இதே லென்ஸுக்குத்தான். எஸ்எல்ஆர் கேமராவில் பிரதிபலிப்புக் கண்ணாடி மேலெழும்ப இடம் வேண்டும். நிக்கானில் லென்ஸ் உட்காரும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. இருக்கிறது. அந்தத் தூரத்திலிருந்து 28 மி.மீ. பார்வையைக் கொண்டுவர, முன்னால் ஒரு பெரிய குழிக் கண்ணாடியை வைத்துப் பின்னால் வரிசையாகக் கண்ணாடிகளைச் சேர்க்க வேண்டும். பிரான்சின் ஆஞ்செனியூ 1950-ல் 35 மி.மீ.யில் இந்த அமைப்பைக் கொண்டுவந்தது, மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். அண்ணனின் 28-ல் ஆறு கண்ணாடிகள், தனித்தனியாக; பன்னிரண்டு பரப்புகள். பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பன்னிரண்டு பரப்பென்றால் கிட்டத்தட்ட 40 சதவீதம் போய்விடும். அதில் ஒரு பங்கு உள்ளேயே சுற்றித் திரிந்து ஃபிலிமில் மூடுபனியாக இறங்கும். ஜெய்ஸ் கம்பெனியில் ஸ்மகுலா என்பவர் 1935-ல் கண்டுபிடித்த பூச்சு அதைக் குறைத்தது. பெண்டாக்ஸின் டாக்குமர் லென்ஸ்களில் 1971-ல் வந்த பல அடுக்குப் பூச்சு இன்னும் குறைத்தது. குறைத்தார்களே தவிர, இல்லாமல் செய்ய யாராலும் முடியவில்லை.

அன்றைய பெரிய தொல்லை, ஹூட்டை மாற்றி மாட்டுவது. 50-க்கும் 28-க்கும் ஒரே 52 மி.மீ. திருகு என்பதால் 50-ன் ஹூட் 28-ல் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். வியூஃபைண்டரில் குற்றம் தெரியாது. எஃப்எம்2 காட்டுவதே படத்தில் 93 சதவீதம். அதுவும் முழுத் திறப்பில் காட்டும்போது மூலை லேசாக மங்குவதோடு சரி. அபெர்ச்சரை எஃப்8-க்குச் சுருக்கி எடுத்த நெகட்டிவில்தான் வெட்டினாற்போலக் கறுப்பு விழும். சின்ன பிரிண்டில் லேபின் மாஸ்க் ஓரத்தை மறைத்துவிடும். குரூப் போட்டோவைப் பெரிதாகப் போட்டு மாட்ட ஆசைப்படும் வீட்டுக்குத்தான், ஓரத்தில் நின்ற சித்தப்பாவைக் காணோம் என்று தெரியவரும்.

இன்று மிரர்லெஸ்ஸில் மூலை கறுத்தால் ஷட்டரை அழுத்தும் முன்பே தெரிகிறது. ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் பழைய 28, 42 மி.மீ. போலத்தான் பார்க்கும்; 35-க்கு என்று செய்த எச்என்-3-ஐ அதில் தாராளமாக மாட்டலாம், எச்என்-2-ஐவிட அதிகம் மறைக்கும். இவ்வளவு வசதி வந்த காலத்தில் ஹூட் அலங்காரமாகிப் போனது. பக்கவாட்டில் ஜன்னல் வெட்டிய ஹூட்டைத் தேடி வாங்குகிறார்கள். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் ஹூட் வியூஃபைண்டரை மறைக்கும் என்பதால், அதன் வழியே பார்ப்பதற்காக வைத்த ஜன்னல் அது. லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமராவில் அதற்கு வேலையே இல்லை. இதழ் வடிவ ஹூட்டைப் பழைய லென்ஸில் திருகுகிறவர்களும் உண்டு. ஃபோகஸ் செய்யும்போது முன்வளையம் சுழலும் லென்ஸாக இருந்தால் இதழும் கூடவே சுழன்று மூலையை வெட்டும். திருகு லென்ஸுக்கு வட்ட ஹூட்தான் சரி.

இப்படி லென்ஸுக்குள் சிதறும் வெளிச்சத்தை, ஃப்ளேரை, அழகு என்கிறார்கள். 2009-ல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' படத்துக்கு டார்ச் லைட்டை வேண்டுமென்றே லென்ஸுக்குள் அடித்து எடுத்தார்கள். அது அவர்களே தேர்ந்து வரவழைத்தது, எனக்கு மறுப்பில்லை. முகத்தின் நிறத்தைத் தின்றுவிட்டுத் தானாக வரும் வெளுப்பை அதே கணக்கில் சேர்க்க என்னால் முடியவில்லை.

பழைய லென்ஸ் பழையதாக ஆக, ஹூட் அதற்கு முன்னைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. சென்னைக் காற்றின் ஈரத்தில் உள்ளே ஃபங்கஸ் நூலாகப் படர்ந்திருக்கும்; நாற்பது வருடமாக வேட்டி முனையால் துடைத்துத் துடைத்துப் பூச்சில் கீறல் விழுந்திருக்கும். பக்கத்து வெளிச்சம் பட்டதும் அத்தனையும் ஒளிரும். ஆகவே லென்ஸோடு வருகிறவர்களிடம் முதலில் முன்னால் இருக்கும் யூவி ஃபில்டரைக் கழற்றச் சொல்கிறேன். அது பன்னிரண்டு பரப்பைப் பதினான்காக்குகிறது, ஹூட்டையும் முன்னே தள்ளி மூலையைக் கறுக்க வைக்கிறது. அடி பட்டால் கண்ணாடி போய்விடுமே என்பார்கள். எச்என்-2 உலோகம், கீழே விழுந்தால் நசுங்குவது அதுதான்.