பத்தாயிரம் பேர் வந்த கடை

வாலே பேராண்டி, இந்தக் கட்டில்ல ஒக்காரு. ஐப்பசி மழையில தெறந்து வச்ச கடலைமிட்டாய் மாதிரி ஒன் மொகம் ஏன் இப்படிப் பிசுபிசுத்துக் கெடக்கு?

என்னது, ஒன் மிட்டாய்க் கடை வலைத்தளத்துக்கு ஒரே வாரத்துல பத்தாயிரம் பேர் வந்தாங்களா! அடி சக்கை! நம்ம செண்பகவல்லி அம்மன் தேரோட்டக் கூட்டம்ல இது! ஐநூறு ரூபா குடுத்தா ஆள் அனுப்புதேன்னு ஒருத்தன் சொன்னான், நீயும் குடுத்துட்ட. சரி, கணக்குப் போடு. ஆளுக்கு அஞ்சு பைசா. நம்ம கோவில்பட்டி ரெண்டு ரூபாத் தீப்பெட்டியப் பிரிச்சு எண்ணுனா, ஒரு குச்சி விலையும் கிட்டத்தட்ட அம்புட்டுத்தான் வரும். ஆனா குச்சிய ஒரசுனாப் பத்தும். ஒன் ஆள்ல எத்தனை பேர் பத்துனாங்க?

ஒரு பாக்கெட்டுகூடப் போகலையா? எப்படிலே போகும்? வந்தது மனுசனா இருந்தா வாயி இருக்கும், பல்லு இருக்கும், மிட்டாய் கேக்கும். வந்தது பூராம் மிசினு. கதவத் தொட்டுட்டு ஓடுத மிசினு. கூகுள் அனலிடிக்ஸ்ல, பத்து விநாடிக்கு மேல நின்னவன், ரெண்டு பக்கம் பொரட்டுனவன்னு தனியாக் கணக்கு இருக்காம். ஒன் தங்கச்சி பாத்துட்டா. மூணு பேராம். ஒண்ணு நீ, ஒண்ணு அவ, இன்னொண்ணு ஒங்க அம்மா. அதுவும் போனைத் தெறந்து வச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டாளாம்.

எனக்கென்னலே தெரியும்? ஆறாங்கிளாஸோட நிறுத்திட்டு ஆடு மேய்க்கப் போனவன். அப்புறம் தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டுனவன். ஒன் தங்கச்சி கம்ப்யூட்டர் படிச்சவ, ஒரே கூரைக்கு அடியில இருக்கா. காசு கேக்க மாட்டா, அதனால அவ பேச்சுக்கு மதிப்பில்ல. கெழவனும் காசு கேக்கல. மதிப்பில்லாட்டாலும் கேட்டுக்கோ.

மொத வேலை, வாசல்ல கெடக்குத முள்ள எடு. தளம் கட்டித் தந்தவன், வேலை முடியுத வரைக்கும் தேடுத எந்திரம் எதுவும் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு ஒரு கட்டத்துல டிக் போட்டு வச்சான். வேர்ட்பிரஸ்ல அப்படி ஒரு கட்டம் இருக்காம். வேலை முடிஞ்சுது, காசு வாங்குனான், போயிட்டான். டிக்கு அங்கேயே கெடக்கு. நீ எட்டு மாசமா, கூகுள் என்னை மதிக்கலன்னு சடைச்சுக்கிட்டுத் திரியுத. வாசல்ல கருவேல முள்ளப் போட்டவன் விருந்தாளி வரலன்னு அழுத கதை. அந்த டிக்கை எடுக்க எத்தனை ரூபாலே ஆகும்? எடுத்துட்டு, சர்ச் கன்சோல்னு கூகுள் ஓசியா வச்சிருக்குத எடத்துல ஒன் பக்கங்களோட பட்டியலைக் குடு. எந்தப் பக்கம் சேந்துச்சு, எது சேரல, என்ன சொல்லைத் தேடி வந்தான்னு அதுவே சொல்லும்.

அடுத்து, ஒன் மொகப்புப் பக்கத்தப் பாத்தேன். ஆகா, அழகு! எழுத்தே இல்ல, பூராம் படம். விலையும் படத்துக்குள்ள, விலாசமும் படத்துக்குள்ள. நமக்கு அது எழுத்து. தேடுத எந்திரம் படத்துக்குள்ள இருக்குததை நம்பித் தொழில் பண்ணாது. உள்ள ஒரு பக்கம் பழைய பாமினி எழுத்துல அடிச்சிருக்க. அந்த எந்திரத்துக்கு அது ஜுரத்துல இங்கிலீசு ஒளறுத மாதிரித்தான் தெரியும். யூனிகோடுல அடிலே. படம் ஒவ்வொண்ணும் அஞ்சு எம்.பி. வேற. பக்கத்துல பெரிய படம் ரெண்டரை விநாடிக்குள்ள தெரியணும்னு கூகுள் ஒரு அளவு சொல்லுது. ஒன் படம் எறங்குததுக்குள்ள நான் வெத்தலை போட்டு, மென்னு, துப்பிட்டே வந்துருதேன். சுருக்கிப் போடு. அதுக்கும் காசில்ல.

இப்பப் பேருக்கு வருவோம். என்ன எழுதியிருக்க? 'பிரீமியம் கிரவுண்ட்நட் எனர்ஜி ஸ்நாக்.' ஏலே, எழுவத்தெட்டு வருசமா இந்த ஊர்ல இருக்கேன். ஒருத்தன்கூட ரெண்டு ரூபாயை நீட்டி, 'அண்ணாச்சி, ஒரு எனர்ஜி ஸ்நாக்'னு கேட்டதில்ல. மெட்ராஸ்ல இருக்குதவன் 'கோவில்பட்டி கடலைமிட்டாய்'னு தேடுவான். வடக்க உள்ளவன் 'சிக்கி'ம்பான். அவன் வாயில என்ன வருதோ அதுதான் ஒன் பக்கத்துத் தலைப்புல இருக்கணும். கூகுள்ல ரெண்டு எழுத்து அடிச்சா கீழ வரிசையா வருதே, அதப் பாரு. கூகுள் டிரெண்ட்ஸ்ல ரெண்டு பேரையும் போட்டு, எதை அதிகம் தேடுதாங்கன்னு ஒப்பிட்டுப் பாரு. நம்ம மிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு கெடச்சுதே, அதைப் பயன்படுத்தணும்னா அதுக்குண்டான பதிவு வாங்கணும். வாங்கிட்டியா? வாங்காம முத்திரையப் போட்டா, விளம்பரத்துக்குப் பதிலா வக்கீல் நோட்டீஸ் வரும். அதுவும் ஒரு வருகைதான்.

அந்தக் 'கீவேர்டு' பொட்டிக்குள்ள நூறு சொல்லை அடைச்சு வச்சிருக்கியே, அதைத் தரவரிசைக்கு எடுக்கதில்லன்னு கூகுள் 2009-லயே சொல்லியாச்சு. நீ மீசை வைக்காத காலம் அது.

அதுக்குப் பதிலா ஒரு காரியம் செய்யி. கடைப் போனுக்குப் பக்கத்துல ஒரு நோட்டும் பேனாவும் கட்டித் தொங்க விடு. கூப்பிடுதவன் கேக்குத கேள்விய அப்படியே எழுது. எத்தனை நாள் கெடாம இருக்கும்? மழைக்கு ஏன் பிசுபிசுக்கு? சிங்கப்பூருக்கு அனுப்புவீகளா? கல்யாணத் தாம்பூலத்துக்கு முந்நூறு பாக்கெட்டு வேணும்னா எத்தனை நாளைக்கு முன்னாடி சொல்லணும்? ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். வெல்லம் காத்துல இருக்குத ஈரத்தை இழுக்கும், அதனால காத்துப் புகாத டப்பால வைங்கன்னு நாலு வரி உள்ளதை எழுது. போன்ல ஒருத்தன் கேட்டா, கேக்காம கூகுள்ல தேடுதவன் நாலு பேராவது இருப்பான்லா. தீபாவளிப் பக்கத்தைத் தீபாவளிக்கு முந்துன நாள் போட்டா, பொங்கலுக்கு வந்து படிப்பான். ரெண்டு மாசம் முன்னாடியே போடு.

அப்புறம், கூகுள் மேப்புல ஒன் கடையக் காணோம். அதுக்குப் பக்கத்துல இருக்குத ஒடைஞ்ச அடிபம்பு இருக்கு. கடைய அதுல சேக்கவும் காசில்ல. படம், போன் நம்பர், தெறக்குத நேரம், வலைத்தளம் எல்லாம் போடலாம். சாமான் வாங்குனவன்கிட்ட, 'நல்லாருந்தா ரெண்டு வரி எழுதுங்க'ன்னு கேளு, தப்பில்ல. எழுதுனா ஒரு பாக்கெட்டு இனாம்னு மட்டும் சொல்லிராத, கூகுள் சட்டப்படி அது ஆகாது. ஒருத்தன் 'மிட்டாய் கல்லு மாதிரி இருக்கு'ன்னு எழுதுனா சண்டைக்குப் போகாத. 'மாத்தித் தாரோம்'னு பதில் எழுது. அவன் எழுதுனதவிட நீ எழுதுன பதிலைத்தான் அடுத்தவன் உத்துப் பாப்பான்.

நம்ம ஊர்ல பொண்ணு குடுக்கணும்னா, மாப்பிள்ளை சொல்லுதத யாரு நம்புதா? பெரிய மனுசங்க நாலு பேரை விசாரிப்போம். 1998-ல கூகுளை ஆரம்பிச்ச பேஜும் பிரின்னும் புடிச்ச வித்தையும் இதுதான். எந்தப் பக்கத்தை யாரு யாரு சுட்டிக் காட்டுதா, சுட்டிக் காட்டுதவன் மதிப்பென்ன? ஒடனே காசு குடுத்து நூறு சுட்டி வாங்கப் போயிராத. அந்தக் கள்ளச் சாட்சிக்காரங்களை 2012-ல பெங்குயின்னு ஒண்ணை ஏவி விட்டுக் கொத்தியெடுத்தாச்சு. நீ கடலை வாங்குத கமிசன் மண்டி, பள்ளிக்கூடத்து முன்னாள் மாணவர் சங்கம், ஊரு ஊராப் போயித் தின்னு எழுதுத பயலுக, இவங்க நெசமாச் சுட்டுனாப் போதும்.

நான் லேபிள் ஒட்டுன காலத்துல, தீப்பெட்டி மேல இருக்குத படந்தான் விளம்பரம். படிக்கத் தெரியாதவனும் 'அந்த மயில் படம் போட்டது குடு'ம்பான். ஜவுளிக்கடைக்காரன் மஞ்சப்பை குடுத்தான். பை கிழியுத வரைக்கும் அவன் பேரு சந்தைக்குப் போச்சு, ஆஸ்பத்திரிக்குப் போச்சு, கோர்ட்டுக்கும் போச்சு. நீ மாசம் பூரா ஆயிரக்கணக்குல பாக்கெட்டு அனுப்புத. ஒரு பாக்கெட்டு மேலயும் தளத்துப் பேரில்ல! அந்தக் கட்டம் கட்டமான கியூஆர் கோடு, ஜப்பான்காரன் 1994-ல காருச் சாமான் எண்ணக் கண்டுபுடிச்சது. இப்பப் பூக்காரி தட்டுலயும் இருக்கு. ஒன் பாக்கெட்டுல ஒட்டுனா மிட்டாய் கசக்குமா? வாட்ஸப்புல சுட்டி அனுப்பும்போது படமும் தலைப்பும் சேந்து வருத மாதிரியும் செஞ்சு வையி. வெறும் சுட்டி வந்தா, ஏதோ பேங்குத் திருடன்னு பயந்து ஒருத்தனும் தொடமாட்டான்.

சரி, சாயங்காலம் டீக்கடையில நாலு பேருகிட்ட நானே சொல்லுதேன். தளத்துப் பேரு என்னலே?

எப்படி? இன்னொருக்கா சொல்லு. நடுவுல கோடா? ரெண்டு கோடா? 'டி' ஒண்ணா ரெண்டா? கடைசியில 'ஒய்'யா, 'ஐ'யா? அதுக்கப்புறம் நம்பரு வேறயா! ஏலே, இதச் சொல்லி முடிக்குததுக்குள்ள டீ ஆறிரும், கேட்டவன் எந்திரிச்சுப் போயிருவான். கூப்பிட முடியாத பேரை வச்சுக்கிட்டு ஊரைக் கூப்பிடுத. சின்னதா ஒண்ணு வாங்கு, வருசத்துக்குச் சில நூறு ரூபாதான். பழைய பேருக்கு வாரவனை அங்கேயே திருப்பி விட்டுரலாமாம்.

தேடி அலையாத. ஒன் தங்கச்சி போன வாரமே ஒரு பேரு வாங்கி வச்சுட்டா. நாலே எழுத்து, நானே ஒரே மூச்சுல சொல்லிருவேன். போயிக் கேளு, ஐநூறு ரூபாம்பா. காசு வாங்குனாத்தான் நீ மதிப்பன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்.