செலாயாங் மேசை: மாஜோங் மதிப்பெண் விதிக்கு ஒரு சான்றிலக்கணம்

பாயிரம்

எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நூலுக்கு அழகு. பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்த முறை அது. அதன்படி, இச்சிறுநூலின் எல்லை வடக்கே ரவாங், கிழக்கே பத்துமலை, தென்மேற்கே கெப்போங் ஆகியவற்றுக்கு இடைப்பட்ட, மலேசியாவின் செலாயாங். நுதலிய பொருள், இங்கு ஆடப்படும் மாஜோங்கின் மதிப்பெண் விதிகளை எந்தச் சான்றை நம்பி எழுதி வைக்கலாம் என்பது. கேட்போர், தம் வட்டாரத்தைப் பற்றி ஒரு பக்கமாவது எழுத நினைக்கும் எவரும். பயன், கண்முன்னே உயிரோடு இருக்கும் விதி நம் அசட்டையால் வதந்தியாகத் தேய்ந்துபோகாமல் காப்பது.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. செலாயாங் பாருவின் சீனப் புதுக்கிராமமும் பத்துமலை அடிவாரத்துத் தமிழர் குடியிருப்புகளும் ஒரே நகராண்மைக் கழகத்தின் கீழ் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் காய் கலக்கும் சத்தம் கேட்டபடி படித்த தமிழ்ப் பிள்ளைகள் இங்கு உண்டு. மேலும், நம் வீட்டு ஆட்டத்தையே நாம் ஒழுங்காகப் பதியவில்லை. பல்லாங்குழியில் நான்கு முத்துச் சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்வது பல வீடுகளின் விதி. தோற்றவர் அடுத்த சுற்றை எப்படித் தொடங்குவார் என்பதோ வீட்டுக்கு வீடு மாறும். எந்த ஊரில், யார் வீட்டில், எந்த விதி என்று குறித்து வைத்தவர்கள் சிலரே. அண்டை வீட்டு ஆட்டத்தில் பழகும் ஒழுக்கம் நம் வீட்டு ஆட்டத்துக்கும் உதவும்.

பொருளியல்பு

உலகம் பரவலாக அறிந்த மாஜோங் நால்வர் ஆட்டம். வட்டம், மூங்கில், எழுத்து என்ற மூன்று இனமும் இனத்துக்கு 36 காய், காற்று 16, நாகம் 12. ஆக 136. பூவும் பருவமும் 8 சேர்த்தால் 144. மலேசியாவில் வேரூன்றிய மூவர் ஆட்டத்தில் மூங்கில் இல்லை, எழுத்தும் இல்லை. வட்டம் 36, காற்று 16, நாகம் 12 என்று 64 காய், பூவும் பருவமும் 8, விலங்கு 4, முகம் 4, எதற்கும் ஈடாக நிற்கும் ‘ஃபெய்’ எனும் பறக்கும் காய் 4 என்று 20 காய், மொத்தம் 84.

சீன அரசின் விளையாட்டு ஆணையம் 1998-இல் வெளியிட்ட அதிகாரபூர்வ விதியில் மதிப்பெண் வகைகள் 81; வெல்வதற்குக் குறைந்தது 8 புள்ளி வேண்டும். அது நால்வருக்கான விதி. பறக்கும் காயும், பூனை, எலி போன்ற விலங்குக் காய்களும் அதில் இடம்பெறவில்லை. ஆகவே, ‘அதிகாரபூர்வம்’ என்ற சொல்லுக்கு மயங்கி அதைச் செலாயாங் மூவர் ஆட்டத்துக்குச் சான்றாகக் காட்டுவது முதல் குற்றம்.

இவ்வளவு நுணுக்கம் தேவைதானா என்பதற்குக் கணக்கே விடை சொல்லும். பல மேசைகளில் ‘ஃபான்’ எனும் மதிப்பெண் அலகு ஒன்று கூடும்தோறும் தொகை இரட்டிக்கும். 1 ஃபானுக்கு 2 என்று தொடங்கினால் 5 ஃபானுக்கு 32, 10 ஃபானுக்கு 1,024. பதிவில் 3 ஃபான் பிசகினால் தொகை 8 மடங்கு பிசகும். இரட்டிப்பு எந்த ஃபானோடு நிற்கிறது என்ற உச்ச வரம்பைக் குறிக்காமல் விட்டால், மற்ற எல்லாவற்றையும் சரியாக எழுதியிருந்தும் அந்த விதியை வைத்து ஒரு கை கூட ஆட முடியாது.

முதல், வழி, சார்பு

நூலை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிப்பது நன்னூல். முதல்நூலை வினையின் நீங்கிய இறைவனுக்கு உரியதாக இலக்கணிகள் வைத்தார்கள். வட்டார விதிக்கு அந்த இடத்தில் இருப்பது மேசை. தகராறு வந்தால் கடைசித் தீர்ப்பு அங்கேதான் கிடைக்கிறது; அந்தத் தீர்ப்பின்படிதான் காசு கைமாறுகிறது.

மேசையில் உட்கார்ந்து பார்த்தவர் இடமும் காலமும் குறித்து எழுதியது வழிநூல். மலாய்க்காரர்களின் சொங்காக் ஆட்டத்துக்கு அப்படிப்பட்ட குறிப்புகள் உண்டு. அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை நடத்திய ஏட்டில் 1907-இல் ஹெல்லியர் ஒரு குறிப்பு எழுதினார். 1915-இல் அதே ஏட்டில் ஓவர்பெக் அதே ஆட்டத்தைப் பற்றிப் புதுக்குறிப்பு எழுதினார். எட்டு ஆண்டு இடைவெளியில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு குறிப்புக்கு இடம் கொடுத்த அந்தப் பொறுமை இன்றும் வேண்டும்.

பெட்டியோடு வரும் துண்டுத்தாள், கைப்பேசிச் செயலி, பொதுக் கையேடு ஆகியவை சார்புநூல். இவற்றைத் தள்ள வேண்டியதில்லை. எதற்குச் சான்று என்று கேட்டுவிட்டுக் கொள்ள வேண்டும். சீனாவில் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தில் பணியாற்றிய ஜோசப் பாப்காக் 1920-இல் மாஜோங் விதிகளைச் சுருக்கிப் புத்தகமாக்கி அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். சீனர்கள் எப்படி ஆடினார்கள் என்பதற்கு அது இளைத்த சான்று. அமெரிக்கர்களுக்கு என்ன கற்பிக்கப்பட்டது என்பதற்கோ முதல்தரச் சான்று. செயலியும் அப்படியே. மேசையில் ஆடுபவர்கள் பேசித் தீர்ப்பதை, நிரல் எழுதுபவர் முன்கூட்டியே ஒரு பக்கமாக முடிவு செய்தாக வேண்டும். ஆகவே அது நிரல் எழுதியவரின் தெரிவுக்குச் சான்று.

சார்புநூலின் பெரிய ஆபத்து எண்ணிக்கை. துண்டுத்தாளைப் பார்த்துச் செயலி, செயலியைப் பார்த்துக் கட்டுரை, கட்டுரையைப் படித்த பேரன் தாத்தாவிடம் கேட்க, அவரும் “ஆமாம், அப்படித்தான்” என்று தலையாட்ட, நான்கு சாட்சிகள் கிடைத்துவிட்டதுபோல் தெரியும். இருப்பது ஒன்றே. ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறித்தார். இரண்டு ஏட்டில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் இரண்டும் ஒரு தாயேட்டின் பிள்ளைகள் என்று ஐயுறுவது பதிப்பியல். மாஜோங்கிலும் அதைச் செய்யலாம். எந்த மேசையிலும் ஆடாத வினோத விதி ஒன்று மூன்று கையேடுகளில் அதே சொற்களில் வந்தால், மூன்றையும் ஒன்றாக எண்ணுக.

அளவை

மணிமேகலைக் காப்பியத்தில் அளவைவாதி பத்து அளவைகளை, அதாவது அறியும் வழிகளைச் சொல்கிறான். அவற்றுள் ஒன்று ஐதிகம்: இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் சொல்ல, அதை அப்படியே தெளிவாகக் கொள்வது. அதே காப்பியத்தின் பௌத்த முனிவர் அறவண அடிகளோ காட்சி, கருத்து என்ற இரண்டை மட்டும் ஏற்கிறார். மேசை விதி எழுதுபவர் அடிகளின் பக்கம் நிற்க வேண்டும்.

காட்சி என்பது உட்கார்ந்து, காய் விழுந்து, காசு கைமாறியதைப் பார்ப்பது. கருத்து என்பது அதிலிருந்து துணிவது. பெட்டியில் நான்கு பறக்கும் காய் இருந்தால் அவை ஆட்டத்தில் உண்டு என்று துணியலாம். அவை பூவுக்கும் ஈடாகுமா என்று பெட்டியைப் பார்த்துத் துணிய முடியாது. “கே.எல்.-ல எல்லாரும் இப்படித்தான் ஆடுவாங்க” என்பது ஐதிகம். சொன்னவருடைய மேசைக்கு மட்டும் அது சான்று. கோலாலம்பூர் முழுமைக்கும் அதை நீட்டக் கூடாது.

சொல்பவரிடம் அடுத்துக் கேட்க வேண்டியது: “யார்கிட்ட கத்துக்கிட்டீங்க ஆண்டி? எந்த ஊர்ல? கல்யாணத்துக்கு முன்னயா, பின்னயா?” இறையனார் களவியல் உரை, தான் நக்கீரரிடமிருந்து முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை எப்படி வந்தது என்பதைப் பெயர் பெயராகச் சொல்லிவிட்டே பொருளுக்குப் போகிறது. ஓர் உரைக்கு அந்த அக்கறை தகும் என்றால் ஒரு விதிக்கும் தகும். கிள்ளானில் ஹொக்கியன் பேசும் வீட்டில் கற்றவர் செலாயாங்குக்கு மருமகளாக வந்து, கண்டனீஸ் பேசும் மேசையில் உட்கார்ந்திருக்கலாம். அவர் சொல்லும் விதி எந்த வீட்டுடையது என்பதை இந்தக் கேள்வியால்தான் அறிய முடியும்.

கேள்வியின் வடிவமும் முக்கியம். “பூனையும் எலியும் சேர்ந்தா உடனே காசு உண்டுதானே?” என்று கேட்டால் பெரியவர்கள் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். “பூனை கைக்கு வந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்டுவிட்டு வாய் மூடி இருப்பதே முறை. அதைவிடச் சிறந்தது தகராறு. விருந்தாளிக்கு ஒப்பிக்கும்போது வரும் விதியைவிட, காசு கொடுக்க மறுத்தவரிடம் மற்றவர்கள் எடுத்துக்காட்டும் விதி உறுதியானது. தகராறு நடந்தால் விதி, மறுத்தவரின் வாதம், தீர்த்த விதம் மூன்றையும் எழுதுக.

மாறுகோள்

நூலாசிரியர் கொள்ளத்தக்க எழுவகை மதங்களை நன்னூல் அடுக்குகிறது. இருவர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணிவது அவற்றில் ஒன்று. வட்டார விதிப் பதிவில் அந்த உரிமையைத் துறந்துவிட வேண்டும். பூனையும் எலியும் ஒரு கையில் சேர்ந்தால் ஒரு மேசை அங்கேயே காசு வாங்கிக்கொள்ளும். இன்னொரு மேசை வென்ற கையோடு சேர்த்து எண்ணும். மாமன் சீர் ஊருக்கு ஊர் வேறுபடுவது போன்றது இது. இரண்டும் தத்தம் இடத்தில் முழு விதி.

ஆகவே மூன்று விலக்குகள். சராசரி கூடாது: ஒரு மேசை 1 ஃபான், இன்னொன்று 2 ஃபான் தந்தால், ஒன்றரை என்பது எவரும் கொடுத்திராத தொகை. பெரும்பான்மை கூடாது: மூன்று மேசையில் இரண்டு ஒத்துப்போனால் ‘மூன்றில் இரண்டு’ என்று எழுதுவதே நேர்மை. பொதுப்பெயர் கூடாது: செலாயாங் பாருவில் இரண்டு மேசை பார்த்தவர் ‘மலேசிய விதி’ என்று தலைப்பிட்டால், கோத்தா பாருவிலும் தாவாவிலும் அவர் காணாத மேசைகளுக்கும் சேர்த்துச் சாட்சி சொல்கிறார்.

பதிவேடு

ஒரு மேசைக்கு இவை குறைந்த அளவு: ஊர், ஆண்டு, சந்தர்ப்பம் (சீனப் புத்தாண்டா, துக்க வீட்டு இரவுக்காவலா, வார இறுதியா), ஆட்டக்காரர் எத்தனை, பெட்டியைக் கொட்டி எண்ணிய காய்க் கணக்கு, அவர்கள் சொன்ன மொழியிலேயே காய்களின் பெயர், மற்றவர் வீசிய காயை வரிசைக்கு எடுக்கலாமா, வெல்லக் குறைந்தது எத்தனை ஃபான், உச்ச வரம்பு எவ்வளவு, பறக்கும் காய் எதற்கெல்லாம் ஈடாகும், விலங்குக்கும் முகத்துக்கும் எப்போது காசு, காயை வீசி வெற்றிக்கு வழிவிட்டவர் மட்டும் கொடுப்பாரா, எல்லோருமா. விடை கிடைக்காத கேள்விக்கு எதிரே ‘கேட்டேன், தீரவில்லை’ என்று எழுதுக. வெற்றிடம் விட்டால் கேட்கவே இல்லை என்று பின்னால் வருபவர் எண்ணிவிடுவார்.

ஆட்டக்காரர் பெயர் வேண்டாம். இந்நாட்டில் சூதாட்ட மனைகளைப் பற்றி 1953-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சில்லறை வைத்து ஆடும் பாட்டியை ஆதாரத்தின் பேரால் சங்கடத்தில் மாட்டிவிடுவது அறமன்று. வயது வட்டம், தாய்மொழி, கற்ற ஊர், மேசைக்கு ஒரு குறியெழுத்து போதும்.

சூதுக்கு ஏன் இத்தனை இலக்கணம் என்று மறுப்பவர் உண்டு. வள்ளுவர் சூதைக் கண்டிக்கவே ஓர் அதிகாரம் முழுவதும் ஒதுக்கினார். கண்டிக்கவும் பொருளை அறிந்திருக்க வேண்டும். இவ்வளவு கடுமை காட்டினால் எவரும் எழுதமாட்டார் என்பது இன்னொரு மறுப்பு. சான்று தாழ்ந்ததென்று எதையும் தடுக்கவில்லை. கண்டது, கேட்டது, படித்தது என்ற மூன்றில் ஒன்றை விதிதோறும் பக்கத்தில் குறித்துவிட்டு எதையும் எழுதலாம்.

புறனடை

விதி மாறினால் பழையதை அழிக்காமல் ஆண்டைப் போட்டுப் புதியதைக் கீழே சேர்க்க. பெட்டி இருந்து ஆடத் தெரிந்தவர் இல்லையென்றால் ‘பொருள் உண்டு, விதி இல்லை’ என்று எழுதுக, ஊகித்து நிரப்ப வேண்டாம். இங்குச் சொல்லாத சிக்கல் எழுந்தால், பதிவைப் படிப்பவர் அதே மேசைக்குத் திரும்பிப் போய்ச் சரிபார்க்க முடியுமா என்று கேட்டு முடிவு செய்க.

தொடங்க நல்ல காலம் சீனப் புத்தாண்டின் பதினைந்து நாள். நாடு முழுவதும் அலைய வேண்டியதில்லை. ஆரஞ்சுப் பழத்தோடு வாழ்த்தப் போகும் ஒரு வீட்டில், அனுமதி கேட்டு, ஓர் இரவு உட்கார்ந்தால் போதும். ஒரே மேசையை இந்த முறைப்படி முழுதாகப் பதிந்தவர், ஒரு மேசையையும் காணாமல் ஒரு நாட்டின் விதியை எழுதியவரைவிட அறிவுக்கு அதிகம் சேர்த்தவர்.