மோஷன் சார்

காலை ஆறு மணிக்கு மேல் எங்கள் குடியிருப்பில் எதிர்ப்படுகிறவரிடம் “காபி ஆச்சா?” என்று கேட்பது மரியாதை. மோஷன் சாரிடம் மட்டும் “டைகருக்கு ஆச்சா?” என்று கேட்க வேண்டும். ஆச்சு என்றால் அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். அத்தோடு விடமாட்டார். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன பதத்தில் என்ற மூன்று தகவலையும் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். நீங்கள் கையில் பொங்கல் பார்சலோடு நின்றாலும் சரி.

தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். மாவட்டம் மாவட்டமாகப் போய் அடுத்தவர் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்தவர், இப்போது ஒரே ஒரு கணக்கைத்தான் தணிக்கை செய்கிறார். அது தினமும் பூங்கா ஓரத்துப் புல்லில் தாக்கலாகிறது. நீல அட்டை போட்ட நீளமான பேரேடு ஒன்று வைத்திருக்கிறார். தேதி, உள்ளே போனது, வெளியே வந்தது, பதம் என்று நான்கு பத்திகள். பதத்துக்கு எண்தான் எழுதுவார். கால்நடை மருத்துவர்களிடம் இதற்கென்றே ஏழு படி கொண்ட அட்டவணை ஒன்று இருக்கிறது. 1 என்றால் காய்ந்த உருண்டை, 2 உத்தமம், 7 வெறும் தண்ணீர். டைகர் நாலுக்கும் ஆறுக்கும் நடுவே காலம் தள்ளுகிறவன். எப்போதாவது 2 வந்துவிட்டால் அன்று சார் வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுப்பார்.

இந்த ரகத்து மனிதர்கள் பிறவியிலேயே நாய்ப் பிரியர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நாயை வாசற்படி ஏற்றமாட்டேன் என்று சாதித்தவர்கள்தான் பிற்காலத்தில் இப்படி ஆகிறார்கள். மகன் ஒரு நாள் லாப்ரடார் குட்டியைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு வந்து நிற்பான். “இந்த வீட்டில ஒண்ணு அது இருக்கணும், இல்லை நான் இருக்கணும்” என்று அப்பா கர்ஜிப்பார். பிறகு மகன் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விடுவான். அதுவும் அவரும் இருப்பார்கள்.

சாரின் மனைவிக்கு இதில் ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. “எங்க பெரியவனுக்கு எந்தக் காய் பிடிக்காதுன்னு இவரைக் கேளுங்க, முழிப்பார். டைகருக்கு பீட்ரூட் போட்டா மறுநாள் என்ன கலர்ல வரும்னு கேளுங்க, உட்காரவச்சுப் பேசுவார். பிள்ளைங்களுக்கு வயித்தால போனப்ப எல்லாம் இவர் டூர்ல இருந்தார்” என்பார். சார் இதை மறுப்பதில்லை. அந்தக் காலத்துப் பயணப்படிக் கணக்குகள் அதற்குச் சாட்சி.

வீடு சுத்த சைவம். டைகரும் குட்டிப் பருவத்தில் பருப்பு சாதத்திலும் தயிர் சாதத்திலும் வளர்ந்தவன்தான். முதல் முறை வயிறு புரண்டபோது டாக்டர், தோல் நீக்கின கோழியையும் குழைந்த சோற்றையும் உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் சேர்க்காமல் வேகவைத்துக் கொடுக்கச் சொன்னார். அன்று வீட்டில் எமர்ஜென்சி. கடைசியில் பால்கனி பிரித்துக் கொடுக்கப்பட்டது. அங்கே தனி இண்டக்‌ஷன் அடுப்பு, தனி குக்கர், தனிக் கரண்டி வந்தன. அந்தக் கரண்டி சமையலறைக்குள் வந்தால் தான் பிறந்த வீட்டுக்குப் போவதாகச் சாரின் மனைவி அறிவித்திருக்கிறார். பிறந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

வாழ்நாளில் கோழியை வாயில் வைக்காத மனிதர் இன்று கறிக்கடை வாசலில் நின்று, “நெஞ்சுக்கறி மட்டும் போடுங்க, ஓரத்துல மஞ்சளா இருக்கிற கொழுப்பை எடுத்துடுங்க, கணையத்துக்கு ஆகாது” என்று சொல்கிறார். கடைக்காரர் முதலில் சாரின் கணையத்தைத்தான் நினைத்துக்கொண்டார். சர்க்கரை எவ்வளவு இருக்கு என்று அக்கறையாக விசாரித்தார்.

கோழியோடு மசித்த பரங்கிக்காய் இரண்டு கரண்டி. அதன் நார்ச்சத்து இளகினதை இறுக்கும், இறுகினதை இளக்கும் என்று சார் சொல்லும்போது பரங்கிக்காய்க்குக் கோயில் கட்டிவிடுவார் போலிருக்கும். வெங்காயம் போட்ட சாம்பாருக்குத் தடை. அது நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சைக்கு அதைவிடப் பெரிய தடை, சிறுநீரகத்தையே கவிழ்த்துவிடும். திராட்சையில் நஞ்சாக இருப்பது டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021 முதல் மருத்துவர்கள் சொல்லிவருகிறார்கள், அது புளியிலும் இருக்கிறது என்று எங்கோ படித்ததில் இருந்து ரசமும் ஒழிந்தது. பால் கூடாது, வளர்ந்த நாய்க்கு அதைச் செரிக்கிற நொதி குறைவு. இந்தப் பட்டியலைக் கேட்டு வாட்ச்மேன் கொஞ்ச நேரம் யோசித்தார். “சார், நம்ம கேட்டுக்கு வெளியே நாலு இருக்கே, அதுங்க பிரியாணி எலும்பிலிருந்து பூஜைப் பூ வரைக்கும் திங்குதுங்களே, ஒண்ணும் ஆகலையே?” என்றார். சார் அவரைப் பார்த்த பார்வையில், நாற்பது வருடங்களாக வவுச்சர் இல்லாத செலவுகளைப் பார்த்த களைப்பு தெரிந்தது.

செல்லப் பிராணிக் கடையில் அவரைத் தூரத்தில் இருந்தே அடையாளம் கண்டுகொள்வார்கள். பூதக்கண்ணாடியோடு வந்து பையின் பின்பக்கத்தை மட்டும் படிக்கிறவர் அவர் ஒருவர்தான். “முதல்ல ‘கோழி’ன்னு போட்டிருக்கான் பாருங்க. எடை வரிசைப்படிதான் போடணும், சட்டப்படி சரி. ஆனா இது பச்சைக் கோழி எடை. முக்கால்வாசி தண்ணி. தண்ணியைக் கழிச்சுப் பாருங்க, இது எங்கே போய் நிக்கும்?” கடைப் பையனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டான். இரண்டாவது மாடியில் உடற்பயிற்சி செய்கிற இளைஞன் ஒருவன், “அங்கிள், நாய் ஓநாய் வம்சம். சோறு, தானியமே கூடாது” என்று ஒரு நாள் மாட்டிக்கொண்டான். லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டே சார் பாடம் எடுத்தார். மாவுச்சத்தைச் செரிக்கிற அமைலேஸுக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டே பிரதி, மனிதனோடு சேர்ந்து சோறு தின்ற நாய்க்கு நாலு முதல் முப்பது வரை. 2013ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. தானியம் இல்லாத தீனிக்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018ல் விசாரிக்க ஆரம்பித்தது. இதெல்லாம் முடிவதற்குள் பையன் படியேறிப் போய்விட்டான். அன்றைக்கு அவனுக்கு ஜிம் மிச்சம்.

நேரம் கிடைத்தால் தலபுராணமும் உண்டு. 1939ல் மார்க் மோரிஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர், பட்டி என்ற வழிகாட்டி நாயின் சிறுநீரகக் கோளாறுக்காகத் தன் வீட்டு அடுப்பில் தனிச் சமையல் செய்தார். கண்ணாடி ஜாடியில் அனுப்பினால் வழியில் உடைகிறது என்று பிறகு தகர டப்பாவில் அடைத்தார். இன்று மருந்துச் சீட்டு எழுதி விற்கிற நாய்த் தீனிக்கெல்லாம் மூலம் அந்த அடுப்புதான். “பாத்தியா, அவரும் வீட்டுலதான் சமைச்சார்” என்று பால்கனியைப் பார்ப்பார். மனைவி டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

கேலி செய்கிறோமே தவிர, இந்த மனிதர் ஒரு உயிரைக் காப்பாற்றி இருக்கிறார். மூன்றாவது மாடியில் ஒரு பெண் ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்க்கிறாள். ஒன்றரை வயதுக் கடுவன். தட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த தட்டைத் தேடும், ஆனால் விலாவை எண்ணிவிடலாம். பூச்சி என்றார்கள். பூச்சி மாத்திரை கொடுத்தாள். திருஷ்டி என்றார்கள். கழுத்துப்பட்டியில் கறுப்புக் கயிறு ஏறியது. தீனியை மாற்றச் சொன்னார்கள். மாற்றி மாற்றி அவளுக்குச் சம்பளம் போதவில்லை. ஒரு காலையில் அந்த நாய் எழுந்து நகர்ந்த இடத்தில் மோஷன் சார் குனிந்து நின்றுவிட்டார்.

“சாரி சார், இதோ எடுத்துடறேன்” என்று அவள் பையோடு ஓடி வந்தாள்.

“இரும்மா. எடுக்காதே.”

பூங்காவில் நடந்துகொண்டிருந்த பலரும் வேறு பாதை மாறிக்கொண்டார்கள். சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார். எப்பவும் இவ்வளவு அளவா? எப்பவும் இந்த வெளுப்பா? இந்த எண்ணெய்ப் பளபளப்பு எத்தனை நாளா? முக்கிறானா, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாப் போறானா, சளி, ரத்தம்? கடைசிக் கேள்விகளுக்கெல்லாம் இல்லை என்றாள். “அப்ப பெருங்குடல் இல்லை. இவன் ஜாதியில கணையம் சுருங்கிப்போறது உண்டு. நாளைக்கே வேப்பேரிக்குக் கூட்டிட்டுப் போ. 1903ல ஆரம்பிச்ச காலேஜ், நான் சொன்னதைச் சொல்லு, ரத்தம் எடுத்து டி.எல்.ஐ. பார்க்கச் சொல்லு. வெறும் வயித்துல எடுக்கணும், ராத்திரி ஒண்ணும் போட்டுடாதே.”

அதேதான். கணையம் நொதியைச் சுரக்கவில்லை. தின்றதெல்லாம் செரிக்காமல் அப்படியே வெளியே போய்க்கொண்டிருந்தது. தட்டு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே நாய் பட்டினி கிடந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு வேளையும் சோற்றில் நொதிப் பொடி கலந்து போடுகிறாள். ஆயுளுக்கும் போட வேண்டும். சில மாதங்களில் நாய்க்குத் தோள் விரிந்து, தபால்காரரை விரட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு சாரைத் தாங்க முடியவில்லை. பக்கத்துத் தெருக்களில் இருந்தெல்லாம் அவர் வாட்ஸப்புக்குப் படங்கள் வருகின்றன. என்ன படங்கள் என்று கேட்காதீர்கள். பேத்தியின் பிறந்தநாள் படம் பாருங்கள் என்று போனை நீட்டுவார். நாம் மரியாதைக்கு விரலால் ஒரு தள்ளு கூடுதலாகத் தள்ளிவிட்டால், அன்று மத்தியானச் சாப்பாடு அவ்வளவுதான்.

ஊரார் நாயையெல்லாம் தேற்றியவருக்குச் சொந்த நாய் மட்டும் நாலுக்கும் ஆறுக்கும் நடுவிலேயே நின்றது. ரத்தம் பார்த்தாயிற்று, மலம் பார்த்தாயிற்று, ஸ்கேனும் ஆயிற்று. கடைசியில் ஒரு இளம் டாக்டரம்மா, உணவு ஒவ்வாமையாக இருக்கலாம் என்றார். நாய்களுக்கு வழக்கமாக ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. கோழி என்றதும் சார் முகம் கறுத்தது. வம்சத்தின் பேரைக் கெடுத்து அவர் கற்றுக்கொண்ட ஒரே கறி அதுதானே. ஒன்று, புரதத்தை நோய் எதிர்ப்பு அமைப்பு அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி பொடிப்பொடியாக உடைத்துச் செய்த மருத்துவத் தீனி வாங்க வேண்டும். விலை கையைக் கடிக்கும். இல்லையென்றால் டைகர் இதுவரை வாயில் வைக்காத புரதமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் வேறு எதுவும், ஒரு பிஸ்கட் துண்டு கூட, உள்ளே போகக் கூடாது. குடல் கோளாறு என்றால் அதற்குள் பலன் தெரிந்துவிடும்.

சார் சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தைக்குப் போனார்.

“இதுல கொழுப்பு எவ்வளவும்மா?”

மீன்காரம்மா ஏற இறங்கப் பார்த்தார். “சாப்பாட்டுக்கா, பரீட்சைக்கா சார்?”

“நாய்க்கு.”

“நாய்க்கா! இன்னா சார் நீ, முதல்லயே சொல்றதில்லையா. வஞ்சிரம் எடுத்துக்கோ, முள்ளு கம்மி, குழந்தைக்கே கொடுக்கலாம்.”

வஞ்சிரத்தின் விலையைக் கேட்ட சார் பென்ஷனை நினைத்தார், டைகரையும் நினைத்தார், வாங்கினார். பால்கனியின் வாசனை வேறொரு கட்டத்துக்குப் போனது. மேல் வீட்டில், ஊரில் இருந்து வந்திருந்த மாமனார் மட்டும் இது நல்ல குடும்பம் என்று சாரைப் பாராட்டினார்.

அடுத்த நாள் அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை. பார்வை, பொருள், இணைப்பு எல்லாம் முறைப்படி இருந்தது. டைகருக்கு மீன், சோறு, பரங்கி தவிர வேறெதுவும் அளிக்கப்படக் கூடாது. கீழ்த்தளத்துப் பாட்டி மாரி பிஸ்கட்டையும், வாட்ச்மேன் டீயில் நனைத்த பன்னையும் மறு உத்தரவு வரும் வரை நிறுத்திவைக்க வேண்டும். டைகர் பரிதாபமாகப் பார்த்தால் நம்ப வேண்டாம். லாப்ரடார்களில் ஏறக்குறைய கால்வாசிக்கு, வயிறு நிறைந்தது என்று சொல்கிற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதாக 2016ல் கேம்பிரிட்ஜில் கண்டறிந்திருக்கிறார்கள் என்பது இணைப்பு ஒன்று. பாட்டி மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, “பாவம், பசிக்கிறதுக்கு இவ்வளவு காரணம் சொல்றாங்க” என்றார். ஆனாலும் நிறுத்திவிட்டார்.

மூன்று வாரம் ஆகியும் பலன் இல்லை. சார் குடியிருப்பு முழுவதையும் குறுக்கு விசாரணை செய்தார். குப்பை அள்ள வருகிற அம்மாவைக் கூட விடவில்லை. எல்லாரும் நிரபராதிகள். கடைசியில் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார். அங்கே நடந்ததைச் சார் யாரிடமும் சொல்லவில்லை. கூடப் போன அவர் மனைவி எல்லாரிடமும் சொன்னார்.

டாக்டரம்மா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து விரலை நிறுத்தினாராம். “சார், சனிக்கிழமை சனிக்கிழமை ஆறு வருதே. வெள்ளிக்கிழமை உங்க வீட்டுல என்ன விசேஷம்?”

“விசேஷம் ஒண்ணும் இல்லையே. வழக்கமான பூஜைதான். சர்க்கரைப் பொங்கல் நைவேத்தியம்.”

“அது டைகருக்கும் உண்டா?”

“ஒரு உருண்டை. பிரசாதம் டாக்டர். அதையெல்லாம் சாப்பாட்டுக் கணக்குல எழுதறதில்லை.”

டாக்டரம்மா பேரேட்டை மூடி வைத்தார். அந்த மௌனத்தைச் சார் தவறாகப் புரிந்துகொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாராம். “ஆனா நான் ரொம்ப ஜாக்கிரதை. திராட்சை ஆகாதுன்னு எனக்குத் தெரியும். அதை வேற பாத்திரத்துல வறுக்கச் சொல்லி, அவன் உருண்டையில ஒண்ணு கூட விழாம பாத்துப்பேன்.”

“நெய்யை எதுல சார் வறுத்தீங்க?” என்று கேட்டாராம் டாக்டரம்மா.